நடுவுல ஒரு பேரு, அதுக்கு மூணு பேரு சண்டை

கேள்வி: அக்கா, எங்க பொண்ணு டெக்சாஸ்ல இருக்கா, அடுத்த மாசம் பிரசவம், அங்க ஸ்கேன்லயே பொம்பளப் பிள்ளைன்னு சொல்லிட்டாங்க. ஆதிரைன்னு பேரு முடிவாயிடுச்சு, அதுல யாருக்கும் வருத்தம் இல்ல. கடைசிப் பேரா மருமகன் பேரு செந்தில் வந்துரும். நடுவுல மிடில் நேம்னு ஒரு கட்டம் இருக்காம், வம்பே அங்கதான். போன தை மாசம் தவறிப்போன எங்கம்மா பேரு சொர்ணம், அத வைக்கணும்னு எனக்கு ஆசை. சம்பந்தியம்மா உசிலம்பட்டிப் பக்கம், குலதெய்வம் பேச்சியம்மன், அதனால பேச்சின்னுதான் வரணும்ங்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு மீனாட்சிங்கிறாரு. நான் சொர்ணம்னு ஆரம்பிச்சாலே பொண்ணு அப்புறம் பேசுறேன்னு போனை வச்சிடுறா. ஆதிரைக்கு எதுக்கா பொருந்தும்?
- பெயர் வேண்டாம், வில்லாபுரம், மதுரை

பதில்: தங்கச்சி, மொதல்ல ஒரு பேப்பர எடுத்து ஆதிரை சொர்ணம் செந்தில்னு இங்கிலீஷ்ல எழுதி, மூணு பேரோட முதல் எழுத்த மட்டும் சேத்து வாசிங்க. ஏ, எஸ், எஸ். வாசிச்சீங்களா? கழுதை. அமெரிக்காவுல அதுக்கு கழுதைய விட மோசமான அர்த்தம் ஒண்ணும் இருக்கு, அத இங்க எழுத முடியாது. அங்க பையில, டவல்லன்னு மூணு எழுத்தையும் சேத்துப் போடுற பழக்கம் வேற உண்டு. உங்கம்மா பேரு தங்கமான பேருதான், நான் குத்தம் சொல்லல, ஆனா ஆதிரைக்கும் செந்திலுக்கும் நடுவுல அது உக்காரக் கூடாது. பொண்ணு போனை வைக்கிறதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது, செத்துப்போன ஆச்சி பேர இப்பிடின்னு அம்மாகிட்ட எப்பிடி சொல்றதுன்னு முழிக்கிறா பிள்ளை.

மிடில் நேம்னா என்னமோன்னு பயப்படாதீங்க, நம்ம வீடுகள்லயும் அது இருந்துச்சு, கட்டம்தான் இல்ல. பேரப்பிள்ளைக்கு தாத்தா பேரு, ஆச்சி பேரு வைப்போம், ஆனா மாமியா பேரச் சொல்லி மருமக பிள்ளைய எப்பிடி வைவா? அதனால கூப்பிட பாப்பா, ராசாத்தின்னு ஒரு பேரு தனியா வந்துரும், வச்ச பேரு பள்ளிக்கூடத்துல சேக்குற அன்னைக்குத்தான் வெளிய வரும். அங்க இருக்கிற நடுப்பேரும் பாதி அந்த மாதிரிதான், தினமும் யாரும் கூப்பிடப் போறதில்ல. அதனால பழைய பேரா இருக்கே, பிள்ளை வெக்கப்படுமேங்கிற கவலைய விட்டுருங்க. முதல் எழுத்து என்ன ஆகுது, இங்கிலீஷ்ல எழுதுனா எத்தன எழுத்து வருது, ரெண்டு பேரும் ஒட்டிக்கிடுதா, இத மட்டும் பாருங்க.

ஒட்டிக்கிடுறதுன்னா, ஐயில முடியிற பேருக்குப் பின்னாடி உயிரெழுத்துல ஆரம்பிக்கிற பேரு வந்தா நடுவுல ஒரு ய் வந்து உக்காந்துக்கிடும். உங்க வீட்டுக்காரரு மீனாட்சி வேணாம்னா அங்கயற்கண்ணின்னு வைங்கன்னு கெளம்பிடுவாரு, ஆதிரையங்கயற்கண்ணின்னு ஒரே மூச்சுல சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, அவரே விட்டுருவாரு. மீனாட்சியில ஒரு குத்தமும் இல்ல, ஆதிரை சிவனோட நட்சத்திரம், மீனாட்சி சொக்கரோட ஆளு, பொருத்தம் பிரமாதம். ஆனா விளக்குத்தூண்கிட்ட நின்னு மீனாட்சின்னு ஒரு சத்தம் குடுத்தா எத்தன பேரு திரும்புவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

மூணு பேரையும் வரிசையா வச்சிருவோம்னு ஒரு யோசனை வரும். அமெரிக்காவுல ஆளுக்கொரு நம்பர் போட்டுக் குடுக்குற சோசியல் செக்யூரிட்டி கார்டுல முதல் பேரும் நடுப்பேரும் சேந்து ஒரு வரி, இடைவெளியோட சேத்து 26 எழுத்துக்குத்தான் இடம். ஆதிரை மீனாட்சி சொர்ணம்னு இங்கிலீஷ்ல எண்ணிப் பாத்தேன், 25 வருது, தப்பிச்சிருச்சு, பேச்சியச் சேத்தா வெளிய நிக்கும். அப்புறம் சம்பந்தியம்மா சும்மா இருப்பாங்களா?

ஆதிரைய பத்தி ஒண்ணு சொல்லணும், யாரும் சண்டை போடாத பேருங்கிறதால யாரும் யோசிச்சுப் பாத்திருக்க மாட்டீங்க. மணிமேகலை அமுதசுரபிய ஏந்திக்கிட்டு நின்னப்ப அதுல மொதப் பிச்சை போட்டவ ஆதிரைதான். அந்தப் பாத்திரம் மொதல்ல ஆபுத்திரன் கைக்கு வந்த ஊரு எது தெரியுமா, நம்ம மதுரை. அப்ப பேத்தி பேருல ஊரு ஏற்கனவே ஒளிஞ்சிருக்கு, அதுக்காக தனியா மீனாட்சிய கூப்பிட வேணாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

மிச்சம் சொர்ணமும் பேச்சியும். இந்தச் சண்டை அமெரிக்காக்காரனுக்கும் புதுசு இல்ல. ஹாரி எஸ். ட்ரூமன்னு ஒரு ஜனாதிபதி, 1884ல பொறந்தவரு, அவருக்கு நடுப்பேரே கிடையாது, எஸ்ங்கிற ஒத்த எழுத்து மட்டும்தான். அப்பாவப் பெத்த தாத்தா பேருல ஷிப்னு ஒண்ணு வரும், அம்மாவப் பெத்த தாத்தா பேரு சாலமன், ரெண்டுமே எஸ்ஸுதான, ரெண்டு பக்கமும் எங்க ஆளுன்னு நெனச்சுக்கிடட்டும்னு எழுத்த மட்டும் வச்சு விட்டுட்டாங்க. கெட்டிக்காரக் குடும்பம்.

நீங்களும் அதத்தான் செய்யணும்ங்கிறேன். சொர்ணம்னா பொன்னு. பொன்னின்னு வைங்க. ஆதிரை பொன்னி செந்தில், ஏ, பி, எஸ், எந்த வம்பும் இல்ல, அஞ்சே எழுத்து, வெள்ளக்காரி வாய்லயும் நுழையும். உங்கம்மாவோட அர்த்தம் உள்ள இருக்கு, முதல் எழுத்து பேச்சியோட எழுத்து. சம்பந்தியம்மாகிட்ட பி வந்துருச்சு மதினின்னு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க, பொண்ண விட்டுச் சொல்லச் சொல்லாதீங்க. அவங்களுக்கு மனசு கேக்கலைன்னா காது குத்துக்கு பேச்சியம்மன் கோயிலுக்கே தூக்கிட்டுப் போயி, காதுல பேச்சின்னு மூணு தடவ சொல்லட்டும், சாமி ஃபார்ம் எல்லாம் கேக்காது.

பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க. ஆஸ்பத்திரியில ஃபார்ம் குடுக்கும்போது பொன்னிய அந்த நடுக்கட்டத்துலதான் எழுதணும், ரெண்டையும் முதல் கட்டத்துல போட்டுட்டா முதல் பேரே ஆதிரை பொன்னின்னு ஆயிரும். பின்னாடி பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடிமக்களா இருக்கிற நம்ம வம்சாவளிக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு எல்லாத்துலயும் அதே ஸ்பெல்லிங் வரணும். பிளைட் டிக்கெட்ல மட்டும் ரெண்டு பேரும் ஒட்டி ஒரே சொல்லா வரும், எனக்கு மொதத் தடவ அப்பிடி வந்தப்ப தப்பா போட்டுட்டாய்ங்கன்னு கவுண்டர்ல சண்டைக்கே போயிட்டேன், தப்பு இல்லையாம், எல்லாருக்கும் அப்பிடித்தானாம்.

கேள்வி: அக்கா, பையன் பொறந்து எட்டு மாசம், கவின்னு கூப்பிடுறோம், ஆனா பர்த் சர்டிபிகேட்ல இன்னும் பேரே ஏத்தல. நான் துபாய்ல வேலை பாக்குறேன், வீட்டம்மாவையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போகணும். பாஸ்போர்ட்டுக்கு மிடில் நேம் வேணும்னு ஏஜெண்ட் சொல்றாரு, என்ன பேரு வைக்க?
- வாசகர், மேலூர்

பதில்: தம்பி, நம்ம பாஸ்போர்ட்ல மிடில் நேம்னு கட்டமே கிடையாது, கிவன் நேம், சர்நேம் ரெண்டுதான். அவரு சர்நேமத்தான் அப்பிடிச் சொல்றாரு போல. அத காலியா விட்டுறாதீங்க, 2022 நவம்பர்ல ஒத்தப் பேரு பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு அமீரகத்துல சொல்லி, அப்புறம் பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரு இருந்தா சரின்னு எறங்கி வந்தாங்க. எதுக்கு அந்த அலைச்சல், உங்க பேர இனிஷியலா சுருக்காம முழுசா சர்நேம்ல போடுங்க.

அதுக்கு முன்னாடி பேர ஏத்துற வேலையப் பாருங்க. பொறந்து 12 மாசத்துக்குள்ளன்னா காசு இல்ல, தாண்டிட்டா 15 வருசம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டி ஏத்தலாம். உங்களுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. 2023 அக்டோபர் 1லருந்து பொறந்த பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட்ல பிறந்த தேதிக்கு அந்தச் சர்டிபிகேட் ஒண்ணுதான் ஆதாரம், அதனால கவினுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் என்னன்னு வீட்ல ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு அப்புறமா ஆபீஸுக்குப் போங்க.