மழைக்காலத்தில் மிஸ் அடிக்கும் கார்: பிளக்கா, வயரா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் 1998-ஆம் ஆண்டு கார்புரேட்டர் மாருதி 800 இருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் எடுக்கிறது. கிளம்பிய பிறகும் பத்து நிமிடம் வரை மிஸ் அடிக்கிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. உதிரிபாகக் கடையில் இரிடியம் பிளக்கும் 8 மி.மீ. தடிமனுள்ள சிவப்பு வயரும் போடச் சொல்கிறார்கள். மெக்கானிக்கோ சாதாரண பிளக்கை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எதை வாங்குவது?"

நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக்கை அல்ல, வயரைத்தான். தேய்ந்துபோன பிளக் மழை, வெயில் பார்த்து மிஸ் அடிப்பதில்லை. மேடு ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதும்தான் அது பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஈரம் இருக்கும்போது மட்டும் தொல்லை தந்து, என்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் மறைந்துவிடுகிறது என்றால், காயிலிலிருந்து வரும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் வெடிப்பு விழுந்த வயர் உறை வழியாகவோ, அந்த மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி வழியாகவோ என்ஜின் உடலுக்குக் கசிகிறது என்றே கொள்ளலாம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து, செடிகளுக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் வயர்களின் மேல் லேசாகத் தண்ணீர்ப் புகை படும்படி தெளியுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நீல நிறப் பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும், என்ஜினும் அதே நேரத்தில் தடுமாறும். அப்போது எந்த வயரையும் கையால் தொடக் கூடாது. சட்டை நுனியும் துப்பட்டாவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் வயரைக் கழற்றி அதன் மின்தடையையும் அளக்கலாம். கார்பன் உள்ளீடு கொண்ட வயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். ஆகவே 30 செ.மீ. நீளமுள்ள வயரில் 3 முதல் 6 கிலோ ஓம் வந்தால் கவலையில்லை. வயரை வளைத்துப் பிடித்தபடி அளக்கும்போது எண் தாவினாலோ, மற்ற வயர்களின் அளவோடு பொருந்தாமல் மிகவும் கூடினாலோ உள்ளே கார்பன் இழை அறுந்திருக்கிறது. ஆனால் உறையில் உள்ள கசிவை மல்டிமீட்டர் காட்டாது. அதற்குத் தண்ணீர்ச் சோதனைதான் வழி.

வயரை மாற்றுவதானால் தனித்தனியாக வாங்காமல் முழு செட்டாக வாங்குங்கள். உங்கள் காருக்கு மூன்று பிளக் வயரும், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் சேரும் வயர் ஒன்றுமாக நான்கு வேண்டும். சிலிகான் உறையுள்ள, மின்தடை கொண்ட, காரோடு வந்த அளவிலான வயரே போதும். 8 மி.மீ. என்று கடைக்காரர் சொல்வது உறையோடு சேர்ந்த வயரின் தடிமனைத்தான். அதனால் பொறியின் வலு கூடிவிடாது, சிவப்பு நிறத்தாலும் கூடிவிடாது. மின்தடை இல்லாத வெறும் செம்புக் கம்பி வயரைத் தவிர்ப்பது நல்லது. அதைப் போட்டால் உங்கள் காரில் ரேடியோ இரையும், அவ்வளவுதான். கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. கார்களிலோ சென்சார் சமிக்ஞைகளையே அது குழப்பிவிடக்கூடும்.

இனி பிளக். உங்கள் மெக்கானிக் சொல்லும் சாதாரண நிக்கல் பிளக்கே உங்களுக்குப் போதுமானது என்பது என் கருத்து. இரிடியம் 2,400 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதனால் முனையை 0.4 அல்லது 0.6 மி.மீ. வரை மெல்லியதாக அமைக்க முடிகிறது, மெல்லிய முனையில் பொறி எழக் குறைந்த வோல்ட்டே போதும், பிளக்கும் பல மடங்கு நாள் உழைக்கும். இந்த நன்மைகள் உண்மையானவை. ஆனால் கார்புரேட்டர் காரில், அதுவும் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும் என்ஜினில், முனை தேய்வதற்கு முன்பே பிளக்கில் கரி படிந்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே நீண்ட ஆயுளுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை வீணாகிறது. பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்று சொன்னால், நல்ல நிலையில் உள்ள என்ஜினில் அதை நம்ப வேண்டியதில்லை.

எந்த உலோகம் என்பதைவிட எந்த எண் என்பதுதான் முக்கியம். பிளக்கின் வெப்ப எண், பொறி எவ்வளவு சூடாக இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. பிளக் தன் முனையில் சேரும் வெப்பத்தை எவ்வளவு விரைவாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தும் என்பதையே சொல்கிறது. முனை ஏறத்தாழ 450 பாகைக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 850 பாகையைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைக்கூட ஓட்டையாக்கிவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: என்.ஜி.கே., டென்சோ நிறுவனங்களின் பிளக்குகளில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தது. பாஷ் பிளக்கில் (பழைய மெக்கானிக்குகள் இன்றும் அதை மைக்கோ பிளக் என்றே சொல்வார்கள்) எண் கூடினால் சூடானது. என்.ஜி.கே.யின் 6-க்கு இணையானது டென்சோவில் 20, பாஷில் 7, என்.ஜி.கே.யின் 5-க்கு இணையானது டென்சோவில் 16, பாஷில் 8. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் பிளக்கைக் கேட்டு வாங்கக் கூடாது. கையேட்டில் உள்ள எண்ணுக்கு இணையானதை அந்த நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இப்போது காரில் இருக்கும் பிளக்கைப் பார்த்து அதையே வாங்குவதும் பாதுகாப்பானதல்ல, ஏனென்றால் இத்தனை ஆண்டுகளில் யார் எதைப் போட்டார்களோ தெரியாது.

மரை நீளமும் அப்படித்தான். 14 மி.மீ. விட்டமுள்ள பிளக்குகளிலேயே 12.7 மி.மீ. நீளமும் உண்டு, 19 மி.மீ. நீளமும் உண்டு. குட்டை பிளக்கைப் போட்டால் மீதமுள்ள மரையில் கரி அடைத்துக்கொள்ளும். நீள பிளக்கைப் போட்டால் பிஸ்டனோ வால்வோ அதில் மோதலாம். என்.ஜி.கே. எண்ணில் எச் என்றால் குட்டை, இ என்றால் நீளம், ஆர் என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது என்று பொருள்.

போலி பிளக்குகள் சந்தையில் ஏராளம். விலை வழக்கத்தைவிட மிகவும் குறைவாக இருந்தாலோ, வெள்ளைப் பீங்கானில் எழுத்து மங்கியோ கோணலாகவோ இருந்தாலோ, நடு முனை சாய்ந்திருந்தாலோ வாங்காதீர்கள்.

மாட்டும்போது என்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்துவிடும். புதிய பிளக்கானாலும் பொறி பாயும் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, கையேட்டில் உள்ளபடி சரிசெய்த பிறகே போடுங்கள். முதலில் கையாலேயே முழுவதும் திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை திருப்பினால் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர். "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கி மரையைக் கழற்றிவிட்ட கார்கள் என் பட்டறைக்கு வந்ததுண்டு. நானே தொழில் பழகிய நாளில் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

வயர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட்டால் 1-3-2 என்ற எரிவரிசை (சிலிண்டர்களில் பொறி எழும் வரிசை) குழம்பாது. வயரை இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். அதே கையோடு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல் கருப்புக் கோடு தெரிந்தால் அது மின்சாரம் கசிந்த தடம், துடைத்தால் போகாது. அந்த நிலையில் மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் மாற்றாமல் வயரையும் பிளக்கையும் மட்டும் மாற்றினால், அடுத்த மழைக்கு வண்டி மறுபடியும் மிஸ் அடிக்கும்.