எந்த எழுத்து எந்த விசையில்? எழுத்துரு கேள்வி பதில்

பெங்களூரில் தமிழ் அழைப்பிதழ், துண்டறிக்கை, விழா மலர் வேலை செய்பவர்களின் கேள்விகள்.

சிவாஜிநகர்: அண்ணா, பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் எந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று காட்டும் சாஃப்ட்வேர் எங்கே கிடைக்கும்?

எதையும் இறக்க வேண்டாம், விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘கேரக்டர் மேப்’ என்று தேடித் திறந்து, மேலே பாமினியைத் தேர்ந்தெடுங்கள். ‘த’வைக் கிளிக் செய்தால் அடியில் ‘லத்தீன் ஸ்மால் லெட்டர் ஜே’ என்று ஆங்கிலத்தில் வரும். அப்படியென்றால் ஜே விசை. ‘கேப்பிடல்’ என்று வந்தால் ஷிஃப்ட்டோடு அடிக்க வேண்டும். ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

விசைப்பலகையில் இல்லாத எழுத்தென்றால் வலது மூலையில் ஆல்ட்டும், 0-வில் தொடங்கும் ஓர் எண்ணும் தெரியும். நம்லாக் போட்டு, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க நம்பர் பேடில் அந்த எண்ணை அடியுங்கள். மேல்வரிசை எண்கள் உதவாது. முன்னால் உள்ள 0-வை விட்டால் டாஸ் காலத்து அட்டவணையிலிருந்து வேறொன்று வந்து விழும்.

முழு சார்ட் வேண்டுமா? வேர்டில் இரண்டு பத்தி அட்டவணை போட்டு, இரண்டிலும் எல்லா விசைகளையும், ஷிஃப்ட்டோடும் இல்லாமலும், அடியுங்கள். வலது பத்திக்கு மட்டும் பாமினி கொடுங்கள். அதற்கு முன் ஆட்டோகரெக்டை அணைத்துவிடுங்கள். அது முதல் எழுத்தைக் கேப்பிடலாக்கும், நேர் மேற்கோள் குறியை வளைத்துவிடும். இரண்டிலும் தமிழ் எழுத்தே மாறிப்போகும். ‘நான் சரியாத்தான் அடிச்சேன், தப்பா வருது’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, பழைய ஃபான்ட்டில் கண்ணால் பார்க்கும் வரிசையில் அடிக்க வேண்டும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்: என், எஃப், ஹெச். யூனிகோடில், அதாவது எழுத்துகளுக்கு உலகப் பொது எண் தரும் முறையில், க முதலில்.

அல்சூர்: நிர்மலா யூஐ என்ற யூனிகோடு ஃபான்ட்டில் கேரக்டர் மேப் விசையே காட்டவில்லை. ‘கு’வும் காணோம்.

காட்டாது. பழைய ஃபான்ட்டில் விசை ஃபான்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் விசை, நீங்கள் போட்டிருக்கும் கீபோர்ட் லேஅவுட்டில் இருக்கிறது. ஆகவே ஃபான்ட்டைத் துருவாதீர்கள், லேஅவுட்டைப் பாருங்கள். மொழி அமைப்பில் தமிழ் இன்ஸ்கிரிப்ட் என்ற லேஅவுட்டைச் சேர்த்து, விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை வரும், தமிழ் எழுத்துகளோடு. தமிழ் 99 என்ற லேஅவுட் வேண்டுமென்றால் நடுவரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: ஏ, எஸ், டி, எஃப், ஜி விசைகளில் அ, இ, உ, புள்ளி, எ, ஹெச், ஜே, கே, எல்லில் க, ப, ம, த. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ போதும், புள்ளி தானே விழும்.

‘கு’வுக்குத் தனி எண் கிடையாது. க, உகரக்குறி என்று இரண்டு எண்கள். சேர்த்து வரைவது ஃபான்ட்டின் வேலை. அந்த வடிவத்தைப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்ஃபோர்ஜில் திறங்கள், எண் இல்லாத வடிவங்களும் தெரியும்.

மர்ஃபி டவுன்: இதைத்தான் சொல்கிறோம் சார். 247 எழுத்துக்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அப்படி எண் தரும் டேஸ்16 குறியீட்டைத் தமிழ்நாடு அரசே ஏற்றதே?

2010-இல் ஏற்றது உண்மை, ஆனால் யூனிகோடுக்குப் பக்கத்தில், யூனிகோடு எடுபடாத இடத்துக்காக. டேஸ்16 உட்கார்ந்திருப்பது தனிப்பயன் பகுதியில். அந்த இடத்தில் உலகில் யார் வேண்டுமானாலும் எந்த வடிவத்தையும் வைக்கலாம். உங்கள் கோப்பை வாங்குபவரிடம் அதே ஃபான்ட் இல்லையென்றால் வெறும் கட்டம்தான்.

மர்ஃபி டவுன்: பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் யூனிகோடு வராதே, அங்கே என்ன செய்வது?

வராது, பேஜ்மேக்கர் 7 வரைக்கும் வரவில்லை. அதற்காகத் தமிழின் குறியீட்டையே மாற்ற வேண்டுமா? மென்பொருளை மாற்றுங்கள். அதே வேலைக்கான இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போஸர்’ போட்டால் ‘கு’, ‘கூ’, ‘கொ’ எல்லாம் ஒழுங்காக விழும். பழைய மலர்களைத் திருத்த மட்டும் பாமினி போதும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். பாமினியில் அடித்ததை நாளைக்குத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்.

விவேக்நகர்: பாமினி கீ சார்ட் அனுப்ப முடியுமா?

முதல் பதிலில் செய்முறை இருக்கிறது.

ஸ்ரீராமபுரம்: கன்னட அழைப்பிதழுக்கு நுடி ஃபான்ட், அதன் விசைகள்?

கேரக்டர் மேப் அதற்கும் உதவும். எழுத்துத் துண்டுகளைச் சேர்க்கும் முறையை மட்டும் கன்னட அச்சகத்தாரிடம் கேளுங்கள்.

ஜாலஹள்ளி: ரசீதில் ௹ (ரூபாய்க் குறி) போட வேண்டும், எந்த விசை?

வேர்டில் நிர்மலா யூஐ போட்டு, ஆல்ட்டோடு நம்பர் பேடில் 3065. வராவிட்டால் கேரக்டர் மேப்பிலிருந்து காப்பி செய்யுங்கள்.

கே.ஆர். புரம்: என் ஃபான்ட்டில் ‘ழ’ எந்த விசை?

எந்த ஃபான்ட்? பெயர் இல்லாமல் பதில் இல்லை. பாமினி ஒரு வரிசை; டேப், டேம், டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறைகள் ஒவ்வொன்றும் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எண்கள் ஒத்துவராது.