மகனின் பி.இ. (உடற்கல்வி) ஆராய்ச்சி நோட்டை நீங்கள் எழுதாதீர்கள் தம்பி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோயம்புத்தூரிலிருந்து ஆகஸ்டில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் வந்திருக்கிறீர்கள், மகன் இயர் 8, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. பி.இ., அதாவது உடற்கல்வி டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்து, ஆறு வாரம் தினமும் நாடித்துடிப்பை எண்ணி எழுது, உனக்குப் பிடித்த ஒரு உடற்பயிற்சியைச் செய், என்ன மாறியது, ஏன் மாறியது என்று கண்டுபிடித்து அறிக்கை கொடு என்று சொல்லியிருக்கிறார். "விளையாட்டு பீரியடில் என்ன அண்ணா ஆராய்ச்சி, இதற்கு மார்க் உண்டா, நானே எக்செலில் போட்டுக் கொடுத்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மார்க்கை முதலில் முடித்துவிடுவோம். இந்த வயதில் பி.இ.க்கு வெளித்தேர்வு எதுவும் கிடையாது, பள்ளி ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். பதினாறு வயது வரை பி.இ. கட்டாயம், பரீட்சை கட்டாயமில்லை. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் அதைத் தனிப் பாடமாக எடுத்தால் கதை வேறு: 60 சதவீதம் எழுத்துத் தேர்வு, அதில் எலும்பு, தசை, இதயம், நுரையீரல் எல்லாம் வரும். மீதி 40 விளையாடிக் காட்டுவதற்கும், தன் ஆட்டத்தைத் தானே அலசி எழுதுவதற்கும். நம் ஊரில் கணக்கு சார் கடன் வாங்கிக்கொண்டு போன அந்த பீரியட் இங்கே உயிரியலுக்குப் பக்கத்து வீடு.

சரி, எக்செல். போட்டுக் கொடுக்காதீர்கள். நான் போட்டுக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

ரெடிங்குக்கு நாங்கள் வந்து அப்போது நாலைந்து வருடம் இருக்கும். மகள் இயர் 7, இதே மாதிரி ஒரு நோட்டு. காலையில் எழுந்ததும் எண்ணிய துடிப்பு 84, 79, 88, 80, 101, 86 என்று மேலும் கீழுமாகக் கிடந்தது. ஞாயிறு ராத்திரி, மறுநாள் கொடுக்க வேண்டும், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. உடற்பயிற்சி செய்தால் துடிப்பு குறைய வேண்டும், இதுகூடத் தெரியாதா என்று நானே உட்கார்ந்து 84, 83, 82 என்று அழகாக இறங்குகிற மாதிரி மாற்றி, நீலக் கலரில் கிராஃப் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ் மட்டும் அவளைக் கூப்பிட்டு, "இந்த வியாழக்கிழமை உனக்குக் காய்ச்சல், நீ ஸ்கூலுக்கே வரவில்லை, 81 எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறார். அவள் பழைய தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அந்த 101ஐச் சுற்றி மிஸ் பச்சை மையில் ஒரு வட்டம் போட்டு, இந்த நோட்டிலேயே உருப்படியான எண் இதுதான், ஏன் ஏறியது என்று அரைப் பக்கம் எழுது என்று அனுப்பிவிட்டார். உடம்பு சூடானால் இதயம் வேகமாக அடிக்கும் என்பதை அவள் அன்றைக்குப் படித்தாள். என் கிராஃப் குப்பைக்குப் போனது.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொடுங்கள். தாடைக்குக் கீழே கழுத்தின் ஓரத்திலோ, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமோ, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கட்டைவிரலை வைத்தால் அதன் துடிப்பையே எண்ணிவிடுவான். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது பையன்களுக்குப் பிடித்த குறுக்கு வழி, ஆனால் ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் நாலு தவறும், காலை நேரத் துடிப்பையாவது முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் எண்ண வேண்டும், பாத்ரூம் போய், தம்பியோடு சண்டை போட்டு, பால் குடித்துவிட்டு எண்ணினால் அது ஓய்வுத் துடிப்பே இல்லை. அப்புறம், மாடிப்படியின் முதல் படியில் மூன்று நிமிடம் ஒரே வேகத்தில் ஏறி இறங்கி, உட்கார்ந்து சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணினால் இதயம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று தெரியும். என் மகளுக்கு ஆறு வாரத்தில் மாற்றம் தெரிந்தது அதில்தான், காலைத் துடிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் மகனுக்கு எதிலுமே மாறாமல் போனாலும் "மாறவில்லை" என்றே எழுதட்டும், திட்ட மாட்டார்கள்.

அறிக்கையில் "ஏன்" என்ற பகுதிதான் நம் பிள்ளைகளுக்கு இடிக்கும். இணையத்திலிருந்து நாலு பத்தி எடுத்து ஒட்டுவார்கள். அதற்குப் பதிலாக அவனுக்கு லண்டன் பஸ் கதையைச் சொல்லுங்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. அதே டபுள் டெக்கர் பஸ், அதே வேலை நேரம், டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறுகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. (நான் மகளுக்கு இதைச் சொன்னபோது என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார், கேட்டுவிட்டு, மெட்ராஸ் கண்டக்டர் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு டிக்கெட்டைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவாரே, அவருக்கு என்ன ஆகும் என்று கேட்டார். நல்ல கேள்வி.) மாரிஸ் அதோடு விடவில்லை. 1956இல் அந்த ஆட்களின் யூனிஃபார்ம் பேன்ட் அளவைப் பதிவேட்டில் எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் பருத்தார்களா, பருமனானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களா? பதின்மூன்று வயதுப் பையனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டு மேஜையில் ஒரு மணி நேரம் போகும், அவன் நோட்டையும் அதே கண்ணோடு பார்ப்பான்.

இன்னொன்று, பிளீப் டெஸ்ட், பி.இ. வகுப்பில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்து ஓட முடிகிறது என்று பார்க்கும் சோதனை. கூம்பு வைத்து 20 மீட்டர், பீப் சத்தத்துக்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும். புதிதாக வந்த பிள்ளைகள் சீக்கிரம் வெளியே வந்துவிட்டு அவமானமாக உணர்வார்கள், வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். பிபிசியோடு சேர்ந்து ஸ்டிர்லிங், எடின்பரோ பல்கலைக்கழகங்கள் ஒரு சோதனை செய்தன, அதில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் தாங்களே ஆராய்ச்சியாளர்களாக இருந்து தங்கள் மனநிலையையும் கவனத்தையும் அளந்தார்கள். மூச்சு முட்ட பிளீப் டெஸ்ட் ஓடியதைவிட, தன் போக்கில் பதினைந்து நிமிடம் நடந்தும் ஓடியும் வந்த பிறகுதான் கவனமும் உற்சாகமும் கூடியிருந்தன. உங்கள் மகன் எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்று முழித்தால், அந்தப் பதினைந்து நிமிடத்தையே எடுக்கட்டும். ஜிம்மெல்லாம் வேண்டாம்.

எடையை மட்டும் அந்த நோட்டில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் நோட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், நம் பிள்ளைகளில் ஒல்லிக்கும் ஒரு பெயர் வைப்பார்கள், குண்டுக்கும் ஒன்று. மழையில் ஷார்ட்ஸ் போட்டு மைதானத்துக்கு அனுப்புகிறார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். அனுப்புவார்கள். உள்ளே போட உடம்போடு ஒட்டுகிற ஸ்கின்ஸ் பனியன் ஒன்று வாங்கிக் கொடுங்கள், விளையாட்டு உடையில் பெயர் எழுதுங்கள், இல்லையென்றால் திரும்பி வராது.

ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் துடிப்பையும் அவன் எண்ணட்டும். மூன்று நிமிடம் படி ஏறி இறங்கியதும் எனக்கு 148 வந்தது. மகள் அதை என் பெயர் போடாமல், "வீட்டில் உள்ள ஒரு பெரியவர், உட்கார்ந்து பார்க்கும் வேலை" என்று எழுதி மிஸ்ஸிடம் கொடுத்திருந்தாள்.