பேல் பஜார் கோட் சூட், நாற்பதுகளின் கோட்டும் ஸ்கேர்ட்டும்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “நுவரெலியாவின் பேல் பஜார் உடுப்புச் சந்தையில் ஆண்கள் கோட் சூட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஏப்ரல் சீசனுக்கு, 1940களின் பெண்கள் கோட்டும் ஸ்கேர்ட்டுமாக அதை மாற்றலாமா? தைக்கத் தெரியும், ஆனால் கோட்டில் கை வைத்ததில்லை.”

மாற்றலாம். 1941 ஜூனிலிருந்து 1949 மார்ச் வரை பிரித்தானியாவில் துணிக்கும் கூப்பன் இருந்தது. போருக்குப் போன கணவரின் சூட்டைப் பிரித்துத் தனக்குத் தைத்துக்கொண்ட பெண்கள் அங்கே ஏராளம்.

முதலில் கோட்டைப் போட்டுப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோளைத் தாண்டி முக்கால் அங்குலம் வரை போனால் நல்லதுதான், அந்தக் காலப் பாணியே அகலத் தோள். இரண்டு அங்குலம் தொங்கினால் கோட்டை விட்டுவிட்டு ஸ்கேர்ட் மட்டும் தைக்கலாம். தோளைப் பிரிப்பது அனுபவமுள்ள டெய்லரின் வேலை. கொலரையும் மார்பு மடிப்பையும் தொடவே வேண்டாம், கோட்டின் அழகு முழுக்க அங்கேதான்.

லைனிங்கைப் பிரித்து, முதுகுத் தையலிலும் பக்கத் தையல்களிலும் இடுப்பைப் பிடியுங்கள். மொத்தம் மூன்று அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பைகள் விலாப்பக்கம் நகர்ந்துவிடும். இன்னும் வேண்டுமென்றால் முன்பக்க டாட்டை (கூராக முடியும் தையல் மடிப்பை) இடுப்பில் மட்டும் சற்று ஆழப்படுத்தலாம். நீளத்தைப் பை மூடிக்குக் கீழே ஒன்றரை அங்குலம் விட்டுக் குறைக்கலாம். பொத்தான் ஆண்கள் பக்கமாகவே இருக்கும். வெட்டிய துளையை மாற்ற வழியில்லை, யாரும் கவனிக்கப்போவதும் இல்லை.

களிசானில்தான் சூட்சுமம். அதைத் தலைகீழாக்குங்கள்: கால் ஓரம் இடுப்புக்கு, தொடைப் பகுதி கீழ் ஓரத்துக்கு. தையல்களை வெட்டாமல் பிரித்தால் நான்கு துண்டுகள் கிடைக்கும், கீழே தானாக விரியும். வெட்டினால் உள்ளே மடித்த துணி போய்விடும். பிரிக்கும் முன்பே அளந்து விடுங்கள். ஸ்கேர்ட் 25 அங்குலம், களிசானில் தொடை கூடும் இடத்திலிருந்து கால் ஓரம்வரை 31 என்றால், கால் ஓரத்தில் 6 அங்குலம் மிச்சம். பிருஷ்டம் இடுப்பிலிருந்து 8 அங்குலம் கீழே என்று வைத்தால், அந்த அளவு விழுவது கால் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 14 அங்குலத்தில், அதாவது களிசானின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அங்கே ஒரு காலின் அகலம் ஒன்பதரை அங்குலம் இருந்தால், நான்கு மடங்கு 38. உங்கள் அளவு 36 என்றால் தாராளம். 38 என்றால் முன் நடுவில் ஒரே நிறத்துத் துணியில் பெட்டி மடிப்பு ஒன்று சேர்க்க வேண்டும். இடுப்பில் மிஞ்சுவதை டாட் போட்டு அடக்கி, பட்டைக்குக் களிசானின் பட்டையையே எடுத்துக்கொள்ளலாம். சிப் இடது பக்கத் தையலில் வரட்டும், அந்தக் காலத்தில் பெரும்பாலும் அங்கேதான்.

அப்புறம், தொடைப் பக்கத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேய்ந்து மெலிந்திருந்தால் ஸ்கேர்ட் நிற்காது.

எது கம்பளி என்று தெரியாவிட்டால் உள்தையலில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் வாடையும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகி மணியாக இறுகினால் பொலியெஸ்டர், அதில் சூடான அயனை வைக்காதீர்கள். எதுவானாலும் ஈரத்துணி விரித்துத்தான் அழுத்த வேண்டும். பனிமூட்டத்தில் ஈரம் சுலபத்தில் காயாது, அதனால் நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, நிழலில் காற்றாட விட்ட பிறகே வெட்டுங்கள்.