வாசகர் கேள்வி: வயலை வரைந்தவரும் கடலும்

கேள்வி: ஆற்றுக்குள் வைக்கோல் வண்டி நிற்கும் ஆங்கிலேய ஓவியத்தின் அச்சுப்படி ஒன்று எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் தொங்கியது. அதை வரைந்த ஜான் கான்ஸ்டபிள் கடலையும் வரைந்தாரா? வயலை வரைந்த கைக்குக் கடல் வசப்பட்டதா?

பதில்: நீங்கள் பார்த்தது 1821இல் வரையப்பட்ட 'தி ஹே வெய்ன்'. அதிலுள்ள ஸ்டவர் ஆற்றங்கரையில்தான் கான்ஸ்டபிளின் தந்தை மாவு ஆலை நடத்திவந்தார். இளமையில் காற்றாலையிலும் வேலை பார்த்த கான்ஸ்டபிளுக்கு, மேகத்தைப் பார்த்துக் காற்றின் போக்கைக் கணிப்பது தொழிலோடு வந்த பழக்கம். ஓவியத்தின் உணர்ச்சியைத் தாங்குவது வானமே என்று அதே ஆண்டில் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய அவர், ஹாம்ப்ஸ்டெட் மேட்டிலிருந்து மேகங்களை மட்டுமே தீட்டி, பல தாள்களின் பின்புறத்தில் தேதியையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார்.

1824 முதல் காசநோயால் நலிந்த மனைவி மரியாவுக்குக் கடற்காற்று வேண்டிப் பிரைட்டனுக்குக் குடும்பத்துடன் போய்வந்தார். லண்டனின் நாகரிகக் கூட்டம் அங்கும் வந்து நிறைவதாகக் கடிதங்களில் சலித்துக்கொண்டாலும், கரையில் வண்ணப்பெட்டியைத் திறந்துவிட்டால் அந்தச் சலிப்பு தெரியவில்லை. வயலில் வானத்தின் ஒளியை வாங்கிக்கொள்ள ஆறும் மரமும் வண்டியும் இருந்தன. கடலிலோ பிடிமானமாக அடிவானக் கோடு ஒன்றே இருந்தது. கடல்மேல் கொட்டும் மழையை அகலமான கருந்தீற்றல்களாக மேலிருந்து கீழே இழுத்துவிட்ட சிறிய எண்ணெய் வண்ணத் தாள் ஒன்று உண்டு. ஆலைக்காரர் மகனின் கண் அதில் முழுமையாக வேலை செய்கிறது. 1827இல் காட்சிக்கு வைத்த 'செயின் பியர், பிரைட்டன்' ஏறத்தாழ ஆறடி அகலமுள்ளது. படகு, மீனவர், கடலுக்குள் நீளும் சங்கிலிப் பாலம் (செயின் பியர்) என எல்லாவற்றையும் அடுக்கிய அந்தப் பெரிய படத்தைவிட இந்தச் சிறு தாள் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. (ஓவிய அன்பர்கள் சிலர் சண்டைக்கு வரலாம்.)

1828 நவம்பரில் மரியா இறந்தார். 1814இல் பென்சிலால் குறித்துவைத்திருந்த ஹாட்லி கோட்டை இடிபாட்டை எடுத்து, மறு ஆண்டு பெரிய ஓவியமாக்கினார். பிளந்த கோபுரத்தின் கீழே ஒரு மேய்ப்பன். அப்பால் தேம்ஸ் கடலோடு கலக்கும் முகத்துவாரம். மேலே கலைந்து விரையும் மேகம். மேய்ச்சல் நிலத்தையும் கடலையும் அவர் ஒரே வானத்தின்கீழ் கொண்டுவந்த படம் அது.