தண்ணீரில் விழுந்த களைக்கொல்லி: கேள்வி பதில்

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 30 வருடம் குப்பி கழுவியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். கேள்விகள் வந்த வரிசையில்.

ஈசூன் வாசகி: எங்கள் புளோக்குக்குக் கீழே நடைபாதைப் புல்லுக்கு ஒருவர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்தார். சாயங்காலமே மழை கொட்டியது. லொங்காங்கில், அதாவது மழைநீர் வடிகாலில், போனது எங்கே போகும், அண்ணே?

பெரும்பாலும் ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்துக்குத்தான், தங்கச்சி. சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. இங்கே கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கிளைபோசேட் களிமண்ணைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும்; தோட்டத்து மண்ணில் விழுந்தது அவ்வளவு சுலபமாக நகராது. ஆனால் சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொள்ள மண் ஏது? முதல் மழையிலேயே கரைந்து ஓடிவிடும். வானம் கறுத்திருந்தால் மருந்துக் குப்பியைத் திறக்காமல் இருப்பதே மேல்.

தொழிற்கல்லூரி மாணவர்: ஒரே மருந்துக்கு ஒரு புத்தகத்தில் அரை ஆயுள் (பாதி சிதையும் காலம்) 15 நாள், இன்னொன்றில் 300 நாள் என்கிறார்கள். எது சரி, சார்?

இரண்டும் சரியாக இருக்கலாம், தம்பி. நீங்கள் பார்த்தது 2,4-டி என்ற களைக்கொல்லி என்று நினைக்கிறேன். அதைத் தின்பவை நுண்ணுயிர்கள். ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் இரண்டு வாரத்தில் பாதியைத் தீர்த்துவிடும். 45 நாளில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதே மருந்து ஆக்சிஜன் இல்லாத அடிச் சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும். சூடும் ஒரு காரணம். நம் ஊர் வெதுவெதுப்பில் நுண்ணுயிர் சுறுசுறுப்பு. குளிர்நாட்டு ஏரியில் அது பாதித் தூக்கத்தில் இருக்கும். அட்ரசின் என்ற இன்னொரு களைக்கொல்லி அங்கே ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலும் மருந்தை உடைக்கும்; ஆனால் அதை ரொம்ப நம்பவேண்டாம். இலைச்சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் இருக்கும் தண்ணீரில் புற ஊதாக் கதிர் ஆழம் போகாது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாறே வெயில் பட்டதும் மருந்தைச் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகளையும் உண்டாக்கும். தடுப்பதும் அதுதான், உதவுவதும் அதுதான். கூடவே பாசி மண்டிய குளத்தில் நண்பகலில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 9-ஐத் தாண்டும். 2,4-டியின் எஸ்டர் என்ற வேதி வடிவம் அங்கே மணிக்கணக்கில் உடைந்து அமிலமாகும். பிஎச் 6-இல் அதற்கு நாட்கணக்கு வேண்டும். எந்தத் தண்ணீர் என்று சொல்லாத அரை ஆயுள் எண்ணை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கிராஞ்சிப் பக்கம் நடைபயிற்சி செய்பவர்: பாராகுவாட் என்ற களைக்கொல்லி தண்ணீரில் சீக்கிரம் மறைந்துவிடும் என்கிறார்களே, அப்படியானால் ஆபத்தில்லைதானே?

மறைவது வேறு, அழிவது வேறு, ஐயா. அது வண்டலோடு ஒட்டி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே வருடக்கணக்கில் இருக்கும். தண்ணீரை மட்டும் மொண்டு சோதித்தவர் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடுவார். குடித்தவர்களுக்கு மாற்று மருந்தே இல்லாத விஷம் அது. மலேசியா 2020-இல் தடை செய்தது. கிளைபோசேட்டும் சிதைந்து மறையும்போது ஆம்பா என்ற சிதைவுப் பொருளைப் பிள்ளையாக விட்டுப்போகும், அது தாயைவிட மெதுவாகப் போகும். சில சலவைத்தூள்களிலிருந்தும் ஆம்பா வருவதால், ஆற்றில் ஆம்பாவைக் கண்டதும் தோட்டக்காரரைத் திட்டிவிடவும் முடியாது.

உட்லண்ட்ஸ் வாசகி: கொதிக்க வைத்தால் போய்விடுமா?

போகாது, அம்மா. தண்ணீர்தான் ஆவியாகும், மருந்தின் செறிவு கூடும். அட்ரசினைக் கரித்தூள் வடிகட்டி நன்றாகப் பிடிக்கும், கிளைபோசேட்டை அவ்வளவாகப் பிடிக்காது.

தஞ்சாவூரில் குளம் உள்ளவர், தற்போது ஜூரோங்: ஆகாயத்தாமரைக்கு மருந்தடித்தார் தம்பி. பத்து நாளில் மீனெல்லாம் மிதந்தது. விஷமா?

மருந்தைவிட எனக்குச் செத்த செடி மேல்தான் சந்தேகம். அத்தனையும் ஒரே நேரத்தில் அழுகினால், அழுகவைக்கும் நுண்ணுயிர் ஆக்சிஜனைக் குடித்துவிடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதா என்று தம்பியிடம் கேளுங்கள். ஆமென்றால் மூச்சுத் திணறல்தான். அடித்தே ஆகவேண்டுமென்றால் குளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அடித்து, இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்கு. என்னைக் கேட்டால் நாலு ஆளைக் கூப்பிட்டுக் கையால் வாரிக் கரையேற்றச் சொல்வேன். காய்ந்ததும் எருக்குழிக்கு ஆகும்.