பெர்பர் மொழிகள்: உயிரே இல்லாத சொற்களும் வேறு சில கேள்விகளும்

பெர்பர் என்பது அரபியின் வட்டார வழக்குதானே?

இல்லை. இரண்டும் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தின் தனித்தனிக் கிளைகளைச் சேர்ந்தவை. தூரத்து உறவு, அவ்வளவுதான். 7ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வடஆப்பிரிக்காவுக்கு வரும் முன்பே அங்கே பேசப்பட்டவை பெர்பர் மொழிகள். அரபிக் கடன்சொற்கள் ஏராளமாகக் கலந்திருப்பதால் இந்தக் குழப்பம்.

மொரோக்கோவில் தெற்கே இருப்பவர் பேசுவது வடக்கே இருப்பவருக்குப் புரியுமா?

சிரமம்தான். வடக்கே ரிஃப் மலையில் தரிஃபீத், நடு அட்லஸ் மலைகளில் தமாசிக்த், தென்மேற்கே அகாதிர், சூஸ் சமவெளிப் பக்கம் தஷெல்ஹீத். அடுத்தடுத்த ஊர்க்காரர்களுக்குள் சிக்கல் வராது. தூரம் கூடக்கூடப் புரிதல் குறையும். ரிஃபில் உள்ள நாதோர்க்காரரும் அகாதிர்க்காரரும் சந்தித்தால் பெரும்பாலும் மொரோக்கோ அரபியில்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் இவற்றை வழக்குகள் என்பதைவிட மொழிகள் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தரிஃபீத் மட்டும் ஏன் அவ்வளவு வேறாக ஒலிக்கிறது?

அங்கே ல் பெரும்பாலும் ர் ஆகிவிட்டது. தெற்கே இதயம் ‘உல்’, ரிஃபில் ‘உர்’. ல் இரட்டித்தால் ஜ் ஆகும்: தெற்கே ‘இல்லி’ (என் மகள்), ரிஃபில் ‘யெஜ்ஜி’. போதாததற்கு, உயிருக்குப் பின்னால் இருந்த பழைய ர் பல இடங்களில் கரைந்து, அந்த உயிர் நீண்டுவிட்டது.

உயிரெழுத்தே இல்லாத சொற்கள் உண்டு என்பது உண்மையா?

தஷெல்ஹீத்தில் உண்மை. ‘த்ஃப்த்க்த்ஸ்த்த்’ என்றால் ‘நீ அதைச் சுளுக்கிக்கொண்டாய்’. எழுத்துக்கு எழுத்து தலையில் புள்ளி! வினை ‘ஃப்த்க்’, அதன் இரு பக்கமும் உள்ள த் ‘நீ’, கடைசி ‘ஸ்த்த்’ பெண்பாலில் ‘அதை’. இத்தனைக்கும் அ, இ, உ என்று மூன்று உயிர்கள் அந்த மொழியில் இருக்கின்றன.

இதை எப்படி அசை பிரிப்பது? மொழியியலாளர்கள் ஃபிரான்சுவா டெல், முகம்மது எல்மெட்லாவி இருவரும் 1985இல் சொன்ன பதில்: இங்கே எந்த மெய்யும் அசையின் உச்சியாக, அதாவது வழக்கமாக உயிர் நிற்கும் இடத்தில், நிற்கலாம். அதாவது த்ஃப்-த்க்-த்ஸ்த்த், மூன்று அசை. குரல் அதிர்வில்லாத க் கூட ஓர் அசையைத் தாங்குகிறது. ‘நடுவே குட்டி உயிர் ஒன்று ஒலிக்கிறது, உங்கள் காதுக்கு எட்டவில்லை’ என்று ஜான் கோல்மன் போன்றவர்கள் மறுத்தார்கள். அப்புறம் ஒலியியலாளர் ரஷீத் ரிதுவான் பேசுபவர்களின் குரல்வளைக்குள் ஒளியிழைக் கருவி வைத்தே பார்த்தார். இப்படிப்பட்ட சொற்களில் குரல்நாண்கள் அதிரவே இல்லை. அதிராமல் உயிரொலி எங்கிருந்து வரும்? பாட்டுக்காரர்களும் யாப்பில் இந்த அசைகளை முழு அசையாகவே கணக்கிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கருவியைவிட இதுதான் வலுவான சாட்சி.

‘கனத்த’ ட், ஸ் என்கிறார்களே, நம் ட் போலவா?

இல்லை, நம் ட்-க்கு நாக்கு வளைய வேண்டும். இங்கே நாக்குநுனி பல்லருகிலேயே இருக்கும். அடிநாக்கு தொண்டைப் பக்கம் பின்வாங்கும். பக்கத்து உயிரும் சேர்ந்து கனத்துவிடும், சில சமயம் சொல் முழுவதுமே. கற்பவர்கள் மெய்யைவிட அந்த உயிரைக் கவனிப்பது நல்லது.

அல்ஜீரியாவின் கபைல் மொழியிலும் இதெல்லாம் உண்டா?

கனத்த மெய்கள் உண்டு. ஆனால் மெய்கள் குவியும் இடத்தில் மெல்லிய உயிர் ஒன்று நுழைந்துவிடும். தனி மெய்கள் பல இளகி ஒலிக்கும். இரட்டித்தால் வெடிப்பு திரும்பிவிடும். முழங்கால் என்ற சொல்லின் ஒருமையில், நம் ‘அது’வில் வரும் த் போன்ற ஒலி; பன்மையில் அதே மெய் இரட்டித்து, ‘சந்தை’யில் உள்ளது போல அழுத்தமாகிறது.

எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்?

மொரோக்கோ 2003இல் பள்ளிகளுக்குத் திஃபினாக் என்ற பெர்பர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தது. அரசு வகுத்த வடிவத்தில் 33 எழுத்துகள். 2011 முதல் தமாசிக்த் (இங்கே நடு அட்லஸ் மொழி மட்டுமல்ல, பெர்பருக்கே பொதுப்பெயர்) அங்கே ஆட்சிமொழி. அல்ஜீரியாவில் 2016 முதல். கபைல்காரர்கள் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள்.